அதிர்வும் ஒரு செய்திதான்



பேச ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க கைபேசியை எடுத்து சைலன்ட்ல போட்டு, உள்ளங்கையில வச்சுக்கோங்க. பக்கத்துல இருக்கிறவரை ஒரு அழைப்பு கொடுக்கச் சொல்லுங்க. சத்தம் வராது, ஆனால் அழைப்பு வந்தது உங்களுக்குத் தெரிஞ்சிடும். திரையைக்கூட பார்க்க வேண்டாம். கை சொல்லிவிட்டது.

இந்த அதிர்வை நாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. திரை எவ்வளவு பெரிசு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டு வாங்குகிறோம். அதிர்வு எப்படி இருக்கும் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் காது கேளாத ஒருவருக்கு அதுதான் அழைப்புமணி. பார்வை இல்லாத ஒருவருக்கு, தொட்டது சரியான பொத்தானா என்று சொல்வதும் அதுதான். பெருமழை நாளில் நடு இரவில் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைபேசி நம்மை எழுப்புவதற்கும் அந்த அதிர்வு ஒரு வழி.

அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது, அதற்கு எண்களால் எப்படிக் கட்டளை கொடுக்கிறார்கள், அதில் ஒரு எண் தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். கடைசியில் இன்றைக்கே உங்கள் கைபேசியில் செய்யக்கூடிய சில வேலைகளையும் சொல்கிறேன்.

அம்மாவும் அழைப்புமணியும்

இந்த விஷயத்துக்குள் நான் வந்ததற்குக் காரணம் என் அம்மா. வயது எழுபதைத் தாண்டியவர். சில வருடங்களாக காது மெல்ல மெல்ல மந்தமாகிவிட்டது. காதொலிக் கருவி இருக்கிறது. ஆனால் சமையலறையில் வேலை செய்யும்போது கழற்றி வைத்துவிடுவார். "பாத்திரச் சத்தம் மண்டையில இடிக்குதுப்பா" என்பார். அந்த நேரத்தில் யாராவது வாசலில் அழைப்புமணியை அடித்தால் அவருக்குக் கேட்காது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் திரும்பிப் போயிருக்கிறார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் பருப்பு அடிப்பிடித்திருக்கிறது.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரியும். பழைய கைபேசியிலிருந்து ஒரு அதிர்வு மோட்டாரை எடுத்தேன். வைஃபை வசதியுள்ள ஒரு சிறு பலகையோடு சேர்த்து, கைக்கடிகாரப் பட்டையில் கட்டினேன். மணி அடித்தால் மோட்டார் ஓடும். குக்கர் விசில் அடித்தாலும் ஓடும். நான் கைபேசியில் கூப்பிட்டாலும் ஓடும். பெருமையாக அம்மா கையில் மாட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், எப்படிம்மா இருக்கு என்று. "எல்லாம் ஒரே மாதிரிதான்பா இருக்கு. ஆடுதுன்னு தெரியுது, எதுக்கு ஆடுதுன்னு தெரியலையே. வாசலுக்கு ஓடுறதா, அடுப்புக்கு ஓடுறதா?" என்றார்.

அவர் கேட்ட கேள்வி சரியானது. "ஏதோ நடக்கிறது" என்று மட்டும் சொல்லும் அதிர்வு பாதிச் செய்தி. "இதுதான் நடக்கிறது" என்று சொன்னால்தான் அது முழுச் செய்தி.

சின்ன மோட்டார், பெரிய சோம்பேறி

அதிர்வு மோட்டாரில் இரண்டு வகை அதிகம் புழக்கத்தில் உள்ளது. ஒன்று சுழலும் வகை. மோட்டாரின் அச்சில் ஒரு சின்ன எடையை ஒருபக்கமாக வைத்திருப்பார்கள். சுழலும்போது எடை ஒருபக்கம் இழுக்கும், அதனால் மொத்தமும் ஆடும். துணி எல்லாம் ஒருபக்கம் சேர்ந்துவிட்ட வாஷிங் மெஷின் எப்படி ஆடும்? அதே கதைதான். காசு மாதிரி தட்டையாக இருப்பதால் இதைக் காயின் மோட்டார் என்று கடையில் சொல்வார்கள்.

இன்னொன்று எல்ஆர்ஏ எனப்படும் வகை. இதில் எதுவும் சுழலாது. ஒரு ஸ்பிரிங்கில் மாட்டிய எடை முன்னும் பின்னும் ஆடும். இது ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் கொஞ்ச பலத்தில் உயரமாகப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு தள்ளினாலும் போகாது. இந்த மோட்டார்கள் பெரும்பாலும் விநாடிக்கு ஏறத்தாழ 150 முதல் 235 முறை ஆடுகிற மாதிரி செய்யப்படுகின்றன.

ஏன் அந்த எண்? அதற்குப் பதில் நம் தோலில் இருக்கிறது. நம் தோலுக்கு அடியில் பாசினியன் கார்ப்பஸல் என்ற நுண்ணிய உணர்வு உறுப்புகள் உள்ளன. விநாடிக்கு ஏறத்தாழ 200 முதல் 300 முறை வரும் அதிர்வை அவை மிக நுட்பமாகப் பிடித்துவிடும். தோல் நன்றாகக் 'கேட்கும்' இடத்துக்குப் பக்கத்தில்தான் மோட்டாரும் ஆடுகிறது.

சுழலும் மோட்டாரில் ஒரு சிக்கல் உண்டு. அது சோம்பேறி. மின்சாரம் கொடுத்த உடனே முழு வேகம் எடுக்காது. சில பத்து மில்லி விநாடிகள் ஆகும், சிலவற்றுக்கு நூறுக்கு மேலேயும் ஆகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் உடனே நிற்காது. மின்விசிறியை அணைத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி, ஓடி ஓடித்தான் ஓயும். இப்படிப்பட்ட மோட்டாரை வைத்துக்கொண்டு 'டக்' என்று ஒரு சுருக்கமான தட்டு கொடுக்க முடியாது. 'ம்ம்ம்' என்று இழுக்கத்தான் முடியும்.

இங்கேதான் டிரைவர் சிப் உள்ளே வருகிறது. மோட்டாரை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சின்ன சில்லு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஆர்வி 2605எல் என்ற சிப் பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. நான் பயன்படுத்தியதும் அதுதான். இரண்டு வகை மோட்டாரையும் அது ஓட்டும்.

அது செய்யும் தந்திரம் எளிமையானது. தொடங்கும்போது மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக மின்னழுத்தம் கொடுத்து ஒரு உந்து உந்தும். நிறுத்தும்போது மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து பிரேக் போடும். சைக்கிளை நின்று மிதித்துக் கிளப்பி, பிரேக்கைப் பிடித்து நிறுத்துவது போல. அதனால்தான் 'ம்ம்ம்' என்பது 'டக்' ஆகிறது.

அஞ்சறைப் பெட்டியும் எண்களும்

இப்போது புரோகிராமிங். இந்த வார்த்தையைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். சமையலறையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு ஒரு அறை, சீரகம் ஒரு அறை. எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது பழகிய கைக்குத் தெரியும்.

சிப்புக்குள்ளும் அப்படி அறைகள் இருக்கின்றன. ரெஜிஸ்டர் என்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண் உண்டு. ஒவ்வொரு அறையிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண்ணைப் போடலாம். எந்த அறையில் எந்த எண் என்பதுதான் மொத்தப் புரோகிராமிங்கும். சிப்போடு பேச இரண்டே இரண்டு ஒயர் போதும். ஒன்றில் தகவல் போகும், இன்னொன்றில் தாளம் போகும். ஐ-ஸ்கொயர்-சி என்று இந்த முறைக்குப் பெயர். இந்தச் சிப்பின் முகவரி 90. தொழில்நுட்பக் கையேட்டில் இவற்றைப் பதினாறின் அடிமானத்தில் எழுதியிருப்பார்கள். நான் நம்முடைய சாதாரண எண்ணிலேயே சொல்கிறேன்.

முதலில், வந்திருப்பது நம் சிப்தானா என்று பாருங்கள். 0-ஆம் அறையைப் படித்து, வரும் எண்ணை 32-ஆல் வகுத்தால் ஈவு 7 என்று வர வேண்டும். வந்தால் அது டிஆர்வி 2605எல்.

இரண்டாவது, அதை எழுப்ப வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். 1-ஆம் அறையில் 0 போட்டால் விழித்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகு அதே அறையில் 64 போட்டால் மறுபடி தூங்கும், பேட்டரி மிச்சம்.

மூன்றாவது, நூலகம். இந்தச் சிப்புக்குள் 123 வகை அதிர்வுகளை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். இமர்ஷன் என்ற நிறுவனத்திடம் உரிமம் பெற்ற தொகுப்பு இது. பலமான தட்டு, மென்மையான இடி, இரட்டைத் தட்டு, மெல்ல ஏறி இறங்கும் முனகல் என்று பல வகை. மோட்டாருக்கு ஏற்ற மாதிரி அந்த 123-ஐயும் வேறு வேறு பதிப்பாகத் தந்திருக்கிறார்கள். வேகமாகக் கிளம்பும் மோட்டாருக்கு ஒன்று, மெதுவாகக் கிளம்பும் மோட்டாருக்கு ஒன்று. எந்தப் பதிப்பு என்று 3-ஆம் அறையில் சொல்ல வேண்டும். எல்ஆர்ஏ மோட்டாருக்கு 6. சுழலும் மோட்டார் என்றால் மற்றவற்றில் பொருத்தமானது ஒன்று. நான் 1-இல் ஆரம்பித்தேன். எல்ஆர்ஏ வைத்திருப்பவர்கள் 26-ஆம் அறையிலும் அதைத் தெரிவிக்க வேண்டும். அங்கே வழக்கமாக இருக்கும் 54-க்குப் பதில் 182 போட வேண்டும். இதை மறந்துவிட்டு மோட்டார் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடக் கூடாது.

நான்காவதுதான் முக்கியமானது. 4 முதல் 11 வரை எட்டு அறைகள். இவை ஒரு வரிசை. எந்த அதிர்வுக்குப் பிறகு எந்த அதிர்வு என்று இங்கே எழுத வேண்டும். 1 முதல் 123 வரை எழுதினால் அந்த எண்ணுள்ள அதிர்வு. 0 எழுதினால் 'இத்தோடு முடிந்தது' என்று பொருள். 128-க்கு மேல் எழுதினால் இடைவெளி. 128-ஐக் கழித்து, மீதியைப் பத்தால் பெருக்கினால் அத்தனை மில்லி விநாடி சும்மா இருக்கும். 148 என்றால் 148-இல் 128 போக 20, பத்தால் பெருக்கினால் 200 மில்லி விநாடி. அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

கடைசியாக 12-ஆம் அறை. அதில் 1 போட்டால், "கிளம்பு!" எழுதி வைத்த வரிசை ஓடி முடிந்ததும் அந்த 1 தானாகவே 0 ஆகிவிடும். அதைப் படித்து, முடிந்ததா என்று தெரிந்துகொள்ளலாம்.

அவ்வளவுதான். அர்டுயினோ போன்ற பலகைகளில் எழுத ஆயத்த நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளி மாணவர்கள் ஒரு நாளில் பழகிவிடலாம்.

ஒரு எண்ணால் தவறிய மாத்திரை

புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். 123 இருக்கிறதே! வாசல் மணிக்கு ஒன்று, குக்கருக்கு ஒன்று, நான் கூப்பிட்டால் ஒன்று, தங்கை கூப்பிட்டால் ஒன்று, மோட்டார் தண்ணீர் நிரம்பினால் ஒன்று, மாத்திரை நேரத்துக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று. மொத்தம் ஏழு. அம்மாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். அம்மா தலையாட்டினார். ஆசிரியருக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று மாணவர் தலையாட்டுவது போல.

ஏழில் இரண்டுதான் அவர் மனதில் நின்றது. பிறகு மூன்றாகக் குறைத்தேன். குக்கருக்கு விசிலுக்கு ஒன்றாக ஒரே ஒரு தட்டு, வாசலுக்கு இரண்டு தட்டு, கைபேசி அழைப்புக்கு நீளமாக ஒன்று. வாசலுக்கு 'டொக் டொக்' என்று கதவைத் தட்டுவது போல இருக்கணும் என்பது அம்மாவின் யோசனை. அது மட்டும் சொல்லிக் கொடுக்காமலே புரிந்தது.

வாசலுக்கான வரிசையை இப்படி எழுதினேன்: 4-ஆம் அறையில் 1, ஐந்தில் 133, ஆறில் 1, ஏழில் 0. ஒன்றாம் எண் என்றால் பலமான தட்டு. 133 என்றால் 50 மில்லி விநாடி இடைவெளி. என் கையில் வைத்துப் பார்த்தபோது அழகாக 'டொக்டொக்' என்று இருந்தது. அம்மா கையில் கட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் தங்கை கூப்பிட்டாள். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, தலைசுற்றல் என்று படுத்திருக்கிறார் என்றாள். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் சகோதரி வரவில்லையா என்று கேட்டேன். வந்திருக்கிறார். மணி அடித்திருக்கிறார். இரண்டு முறை அடித்துவிட்டு, ஆள் இல்லை போல என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மேல் தவறே இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். "ஒரு தடவைதான்பா தட்டுச்சு. குக்கர்னு நெனச்சு அடுப்புகிட்ட போய் நின்னேன். அடுப்புல குக்கரே இல்ல. உன் மெஷினுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சுன்னு வந்துட்டேன்" என்றார்.

மெஷினுக்குக் கிறுக்கு பிடிக்கவில்லை. நான் போட்ட எண்தான் தவறு. 50 மில்லி விநாடி இடைவெளியில் முதல் தட்டு ஓய்வதற்குள் இரண்டாவது தட்டு வந்துவிட்டது. என் கைக்கு அது இரண்டாகத் தெரிந்தது. வயதாக ஆக இந்த வேக அதிர்வுகளைப் பிடிக்கும் திறன் தோலில் குறையும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்து நரம்பு பாதித்தவர்களுக்கும் அப்படியே. அதனால்தான் மருத்துவர்கள் சர்க்கரை நோயாளியின் கால் விரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்கிறார்கள். அம்மாவின் தோலுக்கு என்னுடைய இரண்டு தட்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

133-ஐ அழித்து 148 என்று எழுதினேன். இடைவெளி 200 மில்லி விநாடி ஆனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு" என்றார். மறுபடி மறுபடி சோதித்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். ஒரே ஒரு எண். அதைச் சோதிக்க வேண்டிய கை என்னுடையது அல்ல, அவருடையது. அன்றிலிருந்து நான் எதைச் செய்தாலும் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் 'முடிந்தது' என்று சொல்வேன்.

இன்னொரு பாடமும் கற்றேன். நீளமான, ஓயாத அதிர்வு நல்லது என்று நினைக்காதீர்கள். ஒரே அதிர்வு தொடர்ந்து வந்தால் தோல் பழகிப்போய் மரத்துவிடும். புதிதாகப் போட்ட மோதிரம் கொஞ்ச நேரத்தில் விரலில் இருப்பதே தெரியாமல் போகிறதே, அது போல. விட்டு விட்டு வரும் அதிர்வுதான் கவனத்தை இழுக்கும்.

மோட்டாரும் ஒரு ஜெனரேட்டர்

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மோட்டாருக்குக் கொடுக்க வேண்டிய மின்னழுத்தத்தை 22, 23 ஆகிய அறைகளில் குறிக்கிறோம். ஒன்று வழக்கமான அளவு, மற்றது உந்தும்போது தாண்டக் கூடாத உச்ச அளவு. மோட்டார் விவரத் தாளைப் பார்க்காமல் கூடுதலாக எழுதினால் மோட்டார் சூடாகிப் போய்விடும்.

அடுத்து அளவுத்திருத்தம். மோட்டார் சுற்றும்போது அதுவே கொஞ்சம் மின்சாரத்தை உற்பத்தி செய்யும். சைக்கிள் டைனமோ மாதிரி. அதை அளந்து பார்த்து, மோட்டார் இப்போது எவ்வளவு வேகத்தில் இருக்கிறது, எப்போது பிரேக் போடணும் என்று இந்தச் சிப் தெரிந்துகொள்ளும். அதற்கு முதலில் உங்கள் மோட்டாரைச் சிப் பழகிக்கொள்ள வேண்டும். 1-ஆம் அறையில் 7 போட்டு, 12-இல் 1 போட்டால் தானே ஓட்டிப் பார்த்து அளந்து, முடிவை 24, 25-ஆம் அறைகளில் எழுதிக்கொள்ளும். இதைச் செய்யும்போது மோட்டாரைக் கையில் தொங்கவிடாமல், அது கடைசியாக எங்கே ஒட்டப் போகிறதோ அங்கே ஒட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இந்தச் சிப்பிலும் 'ஓடிபி' என்று ஒன்று உண்டு. நமக்கு வரும் ரகசிய எண் இல்லை. ஒரே ஒரு முறை எழுதக்கூடிய நினைவகம். அளவுத்திருத்த முடிவை அதில் எழுதினால் மின்சாரம் போனாலும் அழியாது. ஆனால் தப்பாக எழுதினாலும் அழியாது. அதனால் சந்தேகம் தீரும் வரை அதைத் தொடாதீர்கள். ஓடிபி எதுவாக இருந்தாலும் அவசரப்படக் கூடாது!

உயிர் காக்கும் தாளம்

இந்த விஷயம் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் பலருடைய கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறி அதிர்ந்தது நினைவிருக்கிறதா? செல் பிராட்காஸ்ட் முறையில் பேரிடர் எச்சரிக்கை அனுப்பும் சோதனை அது. ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள கைபேசிகளுக்கெல்லாம் எண்களைத் தேடாமலே கோபுரத்திலிருந்து ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் ஏற்பாடு.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட எச்சரிக்கைக்கு அதிர்வு எப்படி இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு விநாடி நீளமாக ஒன்று, பிறகு ஒரு விநாடி வீதம் இரண்டு, நடுவில் அரை விநாடி இடைவெளி. மொத்தமும் இரண்டு முறை. வேறு எந்த அழைப்போடும் குழம்பக் கூடாது, காது கேளாதவருக்கும் 'இது அபாயம்' என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இதை நம்முடைய சிப்பில் எழுதிப் பார்ப்போமா? 16-ஆம் எண் அதிர்வு ஒரு விநாடி நீளமுள்ள எச்சரிக்கை. அரை விநாடி இடைவெளிக்கு 128-உடன் 50 கூட்டினால் 178. ஆக, 4-ஆம் அறையிலிருந்து வரிசையாக 16, 16, 178, 16, 178, 16, 178, 0. எட்டு அறைக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது. 12-ஆம் அறையில் 1. முடிந்ததும் மறுபடி ஒருமுறை 1. மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்க நல்ல பயிற்சி இது. பக்கத்து வீட்டுக்காரரைப் பயமுறுத்த மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

சேவை தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

செயலிகளை உருவாக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு இந்தச் சிப் தேவையில்லை. கைபேசிக்குள்ளேயே அதிர்வு மோட்டார் இருக்கிறது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், எவ்வளவு நேரம், எவ்வளவு பலம், எவ்வளவு இடைவெளி என்று செயலியிலிருந்தே வரிசை எழுத முடியும். ஐபோனிலும் 2019 முதல் அதற்கென வசதி உண்டு.

பார்வையற்ற ஒருவர் உங்கள் செயலியில் விண்ணப்பம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சமர்ப்பி' என்பதைத் தொடுகிறார். வெற்றி என்றாலும் ஒரு அதிர்வு, பிழை என்றாலும் அதே அதிர்வு. அவருக்கு எப்படித் தெரியும்? வெற்றிக்கு ஒன்று, பிழைக்கு இரண்டு. இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். பத்து வகை வேண்டாம், இரண்டு மூன்று போதும். எல்லாத் திரையிலும் ஒரே பொருளில் வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வோடு திரையில் எழுத்தும் குரல் வழிச் செய்தியும் இருக்கட்டும். எந்த ஒரு புலனையும் மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது. முக்கியமாக, வெளியிடும் முன் ஒரு பெரியவர் கையிலும் ஒரு மாற்றுத்திறனாளி கையிலும் கொடுத்துப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

சிப்பையும் ஒயரையும் தொடாமலே நாம் எல்லோரும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், கைபேசியின் அமைப்புகளில் 'சவுண்ட் அண்ட் வைப்ரேஷன்' பகுதியைத் திறந்து பாருங்கள். அழைப்புக்கு, குறுஞ்செய்திக்கு, தொடுவதற்கு என்று அதிர்வின் பலத்தைத் தனித்தனியாக மாற்றும் வசதி பல கைபேசிகளில் உண்டு. வீட்டுப் பெரியவரின் கைபேசியில் அழைப்புக்கான பலத்தைக் கூட்டி வையுங்கள். ஐபோனில் உங்கள் விரலால் தட்டித் தட்டியே புது அதிர்வை உருவாக்கி, குறிப்பிட்ட ஒருவரின் அழைப்புக்கு வைக்கலாம்.

இரண்டாவது, அவசர எச்சரிக்கை. அமைப்புகளின் தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி அலர்ட்' என்று தேடுங்கள். கைபேசிக்குக் கைபேசி இடம் மாறும். அங்கே எச்சரிக்கைகளும் அதிர்வும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். சோதனைச் செய்தி தொந்தரவாக இருந்தது என்று அணைத்து வைத்தவர்கள் தயவுசெய்து திரும்ப இயக்கிவிடுங்கள்.

மூன்றாவது, காது மந்தமானவர்களுக்கு. ஆண்ட்ராய்டில் 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்', ஐபோனில் 'சவுண்ட் ரெகக்னிஷன்' என்ற வசதிகள் உள்ளன. அழைப்புமணி, குழந்தை அழுகை, அபாயச் சங்கு போன்ற ஒலிகளைக் கைபேசி கேட்டு, அறிவிப்பும் அதிர்வும் தரும். ஆனால் உயிர் ஆபத்துள்ள விஷயங்களுக்கு இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். நான் செய்த பட்டைக்கும் இது பொருந்தும். அது உதவிதான், மருத்துவக் கருவி அல்ல.

நான்காவது, செவித்திறன் அல்லது பார்வைக் குறைபாடு உள்ளவர் வீட்டில் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். காதொலிக் கருவி உள்ளிட்ட உதவிகள் பற்றி உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது, வீட்டில் காது கேளாத பெரியவர் இருந்தால், வழக்கமாக வாசலுக்கு வருபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "அம்மாவுக்குக் காது கேக்காது, ரெண்டு தடவை மணி அடிச்சுட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று. எந்தச் சிப்பும் வேண்டாம். செலவும் இல்லை. மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் நான் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் தலைசுற்றலும் வந்திருக்காது.

போன வாரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவில், "இருப்பா, ரெண்டு தட்டு தட்டுது. வாசல்ல யாரோ வந்திருக்காங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார். மகன் பேச்சைவிட வாசல் முக்கியம்! எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஒரு செய்திக்காகக் காத்திருக்கலாம். அது அவருக்குப் புரியும் விதத்தில் போய்ச் சேர்கிறதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் ஒருமுறை பாருங்கள்.